கப்பல் வந்த நாட்களின் தள்ளாட்டம்

எங்கள் தீவின் கேம்பல் பேயில் கப்பல் வரும் நாள் மற்றவர்களுக்குத் திருவிழா. எனக்கு அன்றைக்குத்தான் ஏழரை பிடிக்கும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு நிலம் கொடுத்து அரசு அங்கே குடியேற்றியது. என் கணவரும் அவர்களில் ஒருவர். காட்டை வெட்டினோம், தென்னை வைத்தோம், அட்டை கடித்த இடத்தில் உப்பைத் தடவிக்கொண்டோம். கப்பல் எப்போது வரும் என்று அந்தக் கப்பலுக்கே தெரியாது. வந்தால் அரிசி, மண்ணெண்ணெய், ஊர்க் கடிதம் எல்லாம் மொத்தமாக வரும். பழைய சிப்பாய்களுக்கு உரிய ரம் பாட்டில்களும் அதில்தான் வரும்.

விடிவதற்குள் கப்பல் அணையும் ஜெட்டிக்கு ஓட வேண்டும். வெயிலில் காத்துக் கிடந்து, மூட்டையைத் தலையில் ஏற்றி, மேட்டு வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் எனக்கு அது தொடங்கிவிடும். கண் ஓரிடத்தில் நிற்காது. கால் கோணலாக விழும். நாக்கு குழறும். சில மணி நேரம் படுத்துக் கிடந்தால் தானாகவே சரியாகிவிடும். மறுநாள் நானே கிணற்றில் தண்ணீர் இறைப்பேன்.

ஊர் கணக்குப் போட்டுவிட்டது. கப்பல் வருகிறது, ரம் வருகிறது, இவள் தள்ளாடுகிறாள். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரி ஒருநாள் என்னைத் தாங்கி வந்து கட்டிலில் கிடத்தினாள். நல்லவள்தான். "தோடா கம் பியா கரோ, பஹன்" என்று அன்பாகச் சொன்னாள். கொஞ்சம் குறைத்துக் குடிக்க வேண்டுமாம். சிரிப்பதா அழுவதா?

என் கணவர் அதைக்கூடச் சொல்ல மாட்டார். குனிந்து என் வாயை முகர்ந்து பார்ப்பார். வாடை இருக்காது. பிறகு போய், பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்.

"சத்தியமா நான் தொடலீங்க" என்பேன். அதுவும் குழறித்தான் வரும்.

"தூங்கும்மா, காலைல பேசிக்கலாம்" என்பார். காலையில் பேசவே மாட்டார்.

ஒருமுறை ஆத்திரத்தில், இந்தத் தடவை உங்கள் பங்கை வாங்கவே வேண்டாம் என்றேன். வாங்கவில்லை. அன்றைக்கும் தள்ளாடினேன். வேறெங்கோ வாங்கிக் குடிக்கிறாள் என்றார்கள். அதன் பிறகு யாருக்கும் எதையும் விளக்குவதை விட்டுவிட்டேன். அலுத்துப் போயிற்று.

வருஷங்கள் ஓடின. மெயின்லேண்டில் கட்டிக்கொடுத்த மகளுக்கும் அதே தள்ளாட்டம் வந்தது. அதற்குள் மருத்துவம் எவ்வளவோ வளர்ந்திருந்தது. சென்னையில் ஒரு நரம்பு டாக்டர் என்னையும் வரவழைத்து ரத்தம் எடுத்தார். முடிவு வந்த அன்று கணவர், மகள், நான் என எங்கள் மூவரையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

ஒரு நரம்பு இன்னொரு நரம்புக்குச் சேதி சொல்லும் சந்திப்பில், கால்சியம் உள்ளே நுழைய வாசல்கள் உண்டாம். அது நுழைந்தால்தான் சேதி அந்தப் பக்கம் போகும். ஒவ்வொரு வாசலும் பல பாகங்கள் சேர்ந்தது. அதில் முக்கியமான பாகம் எங்கள் இருவருக்கும் பிறவியிலேயே பிசகி அமைந்துவிட்டதாம். அதனால் உடம்பு களைத்தாலோ மனம் பதறினாலோ, நடையையும் பேச்சையும் சீராக வைக்கும் சிறுமூளை தடுமாறிவிடுகிறது. கண் அழுத்தத்துக்குக் கொடுக்கும் மாத்திரை ஒன்று இதற்கும் கேட்கும் என்று எழுதிக் கொடுத்தார்.

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கணவர் தொண்டையைச் செருமினார்.

"அப்போ இவ அந்தக் காலத்துல குடிக்கலையா டாக்டர்?"

டாக்டருக்குக் கேள்வியே விளங்கவில்லை. எனக்குக் கோபம்கூட வரவில்லை, அதற்கும் தெம்பு வேண்டும். கப்பலுக்குக் கப்பல் நான் வாயால் சொன்னதை, என் ரத்தம் சொன்ன பிறகுதான் அந்த மனிதர் நம்பினார்.