சாஆ கடையில் ஒரு கழுத்துப்பிடி

மெர்சிங் ஊருக்குப் போகும் வழியில், சாஆ என்ற சிற்றூரின் சாப்பாட்டுக் கடையில் நானும் முருகனும் இருக்கிறோம். எங்கள் நண்பர்களில் உண்மையாகவே எம்எம்ஏ என்ற கலப்புச் சண்டை பழகும் தேவா வரவில்லை. அந்தச் சண்டையில் எல்லாக் காலத்துக்கும் பெரிய வீரர் யார் என்று பக்கத்து மேசை லாரி ஓட்டுநரோடு வாக்குவாதம்.

"கழுத்தப் பிடிக்கிறவன்தான் லா பெரிய ஆளு. எவனும் தப்ப முடியாது," என்கிறார் ஓட்டுநர்.

"குத்துறவன் தப்பிச்சிருவான் அண்ணே," என்கிறான் முருகன்.

"எங்க, நீ தப்பிச்சுக் காட்டு."

அவர் கை முருகனின் கழுத்தை வளைக்கிறது. தோற்றதாகத் தட்டினால் விட்டுவிடுவார். இவன் தட்டவில்லை. முகம் கருத்துவருகிறது. நான் கத்துகிறேன்:

"தட்டுடா! செத்துருவ!"

கடைசியில் மேசையை ஓங்கித் தட்டுகிறான். பிடி விடுகிறது. கிளாஸ்கள் விழுந்து நொறுங்குகின்றன.

இருமிக்கொண்டே, "இருந்தாலும் குத்துறவன்தான் பெரிய ஆளு," என்கிறான்.

குடித்த தேநீருக்கும் உடைந்த கிளாஸ்களுக்கும் சேர்த்துக் கடைக்காரருக்குப் பதினெட்டு வெள்ளி கொடுக்கிறோம்.