எண்பத்தைந்தாம் பக்கம்

பேய், ஆவி என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் நான் எழுந்துபோய்த் தேநீர் போடுகிற ஆள். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள், கண்ணால் பார்க்காத எதையும் நம்பிப் பழக்கமில்லை. அதனால்தான் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்தது நடந்ததுதான், எங்கள் லயத்தில் பாதிப் பேர் காதால் கேட்டதுதான்.

ஐம்பதுகளின் கடைசி. இலங்கை மலைநாட்டில் மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம், அதில் வரிசையாகப் பத்து வீடுகள் கொண்ட லயம். அந்தப் பத்திலும் புத்தகம் இருந்த ஒரே வீடு எங்களுடையது என்று சொல்ல எனக்கு இன்றும் பெருமைதான். காசு கொடுத்து வாங்கிய புத்தகமில்லை. மஸ்கெலியாவில் பலசரக்குக் கடை வைத்திருந்த காசிம் நானா பழைய புத்தகங்களைக் கிழித்து, அந்தத் தாளில்தான் மிளகாயும் மல்லியும் கருவாடும் சுற்றிக் கொடுப்பார். அப்பா அந்தத் தாள்களை அடுப்பில் போட விடமாட்டார். லயத்துப் பெண்களும் தங்கள் வீட்டுக்கு வந்த தாள்களைக் கொண்டுவந்து தந்துவிடுவார்கள். வருஷம் முழுக்கச் சேர்த்து, மார்கழியில் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பக்க எண் பார்த்து அடுக்கி, குளிருக்கு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வாசிப்போம். வெள்ளைக்காரத் துரை வீட்டில் நத்தார் பண்டிகைக்கு விருந்து நடக்கும், எங்கள் வீட்டில் கதை நடக்கும்.

வாசிப்பது நான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுத்துத் தெரியாது. தங்கை லெட்சுமி மூன்றாம் வகுப்பு, எழுத்துக்கூட்டிப் படிப்பாள். வந்து சேராத தாள்களின் எண்ணைக் கரியால் சுவரில் எழுதி வைப்பது அவள் வேலை. லயத்துச் சுவர் கூரை வரை போகாது என்பதால் நான் வாசித்தால் பக்கத்து வீடுகளுக்கும் கேட்கும். தாள் இல்லாத இடம் வந்தால் "இங்க தாள் இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போகவேண்டும். இட்டுக்கட்டக் கூடாது. அது அப்பாவின் சட்டம்.

அந்தச் சட்டத்துக்குக் காரணம் இருந்தது. அப்பா வாலிபத்தில் இருந்தபோது திருச்சிப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்ததாம். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அதை வாங்கி, எல்லோரும் சுகம் என்று வாசித்துக் காட்டினாராம். இரண்டு வருஷம் கழித்து ஊரிலிருந்து வந்த ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது, அந்தக் கடிதம் அப்பாவைப் பெற்றவள் செத்த செய்தி என்று. கொழுந்து நிறைந்த நேரத்தில் ஆள் லீவு கேட்டுவிடுவான் என்று மாற்றி வாசித்திருக்கிறார். அப்பா அதைச் சொல்லும்போது குரல் உயராது, அதுதான் எனக்குப் பயமாக இருக்கும்.

நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பை முடித்திருந்தேன். லீவு முடிந்ததும் ஹட்டனில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாக அப்பா சொல்லியிருந்தார். தோட்டத்திலிருந்து அதுவரை எந்தப் பெண்ணும் போனதில்லை. அம்மா எனக்கு வெள்ளைச் சட்டை கூடத் தைத்து வைத்துவிட்டாள்.

அந்த வருஷத்துக் கதையில் ஒரு ஓடக்காரி, அவளுடைய ஓடத்தில் ஒரு திருடன். ஆற்றின் நடுவில் துடுப்பை நிறுத்திவிட்டு, உன் மூட்டையில் என்ன இருக்கிறது, சொன்னால்தான் கரை என்கிறாள். அவன் கெஞ்சுகிறான். கடைசியில் மூட்டையை அவிழ்க்கிறான். "உள்ளே இருந்தது ஒரு" என்று வாசித்து நின்றேன்.

"இங்க ஒரு வார்த்த தெரியலப்பா," என்றேன்.

"சரி, விட்டுட்டு மேல படி," என்றார்.

படித்தேன். அதைப் பார்த்த ஓடக்காரி தலையில் கை வைத்துக்கொண்டு அழுகிறாள், ஓடத்தை வந்த கரைக்கே திருப்புகிறாள், அத்தியாயம் முடிகிறது. அடுத்த வீட்டில் பாக்கியம் அக்கா மூக்கை உறிஞ்சியது எங்களுக்குக் கேட்டது.

மறுநாள் வேலை விட்டு வந்த அப்பா முகம் கழுவிவிட்டு, "அந்த ஓடக்காரி அழுவுற எடத்த இன்னொருக்கா படி புள்ள," என்றார். தாள்களை எடுத்தேன். எண்பத்துநான்கு இருந்தது. அடுத்தது எண்பத்தேழு. கீழே விழுந்திருக்கும் என்று பாயை உதறினோம், விறகைக்கூட நகர்த்திப் பார்த்தோம். அப்போது லெட்சுமி சுவரைக் காட்டினாள். லீவு தொடங்கிய அன்று அவள் எழுதிய எண்களில் எண்பத்தைந்து இருந்தது. அந்தத் தாள் எங்களுக்கு வந்து சேரவே இல்லை.

அப்பா என் பக்கம் திரும்பினார். "அப்ப நேத்து என்னத்தப் படிச்ச?"

"தாளத்தான்பா பாத்துப் படிச்சேன்."

"எந்தத் தாள?"

சத்தியமாகச் சொல்கிறேன், நான் தாளைப் பார்த்தேன், எழுத்தைப் பார்த்தேன். அம்மா எனக்காகப் பேசினாள். "கட்டிச் சொல்றவளா இருந்தா வார்த்த தெரியலன்னு ஏங்க நிப்பா?" அப்பா காதில் வாங்கவில்லை. "இல்லாதத படிக்கிற புள்ளைக்கு எதுக்குப் பெரிய பள்ளிக்கூடம்? தை கழிச்சு பேர் பதிஞ்சு கொழுந்து பறிக்கப் போகட்டும்," என்றார். அடிக்கவில்லை, திட்டவில்லை. தாள்களைக் கட்டி ராக்கைப் பரண் மேலே வைத்துவிட்டார். அந்த மார்கழியில் மீதிக் கதை யாருக்கும் கிடைக்கவில்லை, லயமே என்மேல் கோபமாக இருந்தது.

பள்ளிக்கூடம் திறந்து ஒரு கிழமை போய்விட்டது. வெள்ளைச் சட்டை பெட்டிக்குள் கிடந்தது. பொங்கலுக்கு முதல் நாள் அப்பா மஸ்கெலியாவுக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்தார். அம்மா சர்க்கரையைப் பிரித்தாள், சுற்றியிருந்த தாளை வழக்கம்போல லெட்சுமியிடம் கொடுத்தாள். அவள் எண்ணைப் பார்த்துவிட்டு, "எம்பத்தஞ்சு," என்றாள்.

அப்பா என்னைத் தாளின் பக்கம் வரவிடவில்லை. "நீ படி," என்று லெட்சுமியிடம் சொன்னார். அவள் எழுத்துக்கூட்டி, ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்துப் படித்தாள். மூன்றாவது வரியில் அப்பா அவளை முந்திக்கொண்டார். எழுத்துத் தெரியாத மனிதர், ஆனால் ஒருமுறை காதில் விழுந்ததை மறக்கமாட்டார். நான் மார்கழியில் வாசித்ததை வரிக்கு வரி அவர் சொல்லச் சொல்ல, லெட்சுமி தாளில் விரல் வைத்துத் தலையாட்டிக்கொண்டே வந்தாள். பக்கத்தின் கடைசி வரியில் "உள்ளே இருந்தது ஒரு" என்று இரண்டு பேரும் சேர்ந்து நின்றார்கள்.

"இங்க ஓட்டையா இருக்குப்பா," என்றாள் லெட்சுமி. கடையில் தாள்களைக் குத்தித் தொங்கவிடுகிற கம்பி அந்தச் சொல்லில்தான் இறங்கியிருந்தது. பின்பக்கத்தில் அத்தியாயம் பாதியிலேயே முடிந்ததால் அங்கே ஓட்டை வெறும் தாளில் விழுந்திருந்தது.

பொங்கல் கழிந்த மறுநாள் அப்பா கோட்டு மாட்டிக்கொண்டு, என்னை வெள்ளைச் சட்டையோடு கூட்டிக்கொண்டு புறப்பட்டார். என்னிடம் மன்னிப்பா கேட்டார்? அதெல்லாம் அந்தக் காலத்து அப்பாமாருக்கு வராது. பள்ளிக்கூடத்தில் பெரிய வாத்தியாருக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, "ஐயா, என் மக இருக்குறத மட்டுந்தான் படிப்பா," என்றார். அந்த ஒரு வரிக்காகத்தான் நான் படித்தேன் என்று நினைக்கிறேன். எங்கள் தோட்டத்திலிருந்து ஆசிரியையான முதல் பெண் நான்.

அன்று காலை, ஹட்டன் பஸ் ஏறுவதற்கு முன்னால் காசிம் நானாவின் கடையில் நின்றிருந்தோம். அப்பா தாளைக் காட்டி, இது எத்தனை நாளாகக் கம்பியில் தொங்கியது என்று கேட்டார்.

"எங்க தொங்கிச்சு," என்றார் நானா. "அது சாக்குக்கு அடியில பழைய கட்டுல கெடந்துச்சு. பொங்கலுக்கு மொத நாள் காலையிலதான் எடுத்துக் குத்துனேன். ஏன் முத்தையா, சர்க்கரை சரியில்லையா?"

அப்பா ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். மார்கழியில் அந்தத் தாளில் ஓட்டையே இல்லை, அந்தச் சொல் அச்சடித்தபடி முழுசாகச் சாக்குக்கு அடியில் இருந்திருக்கிறது. பிறகு எதனால் எனக்கு அது தெரியவில்லை என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை. அந்தக் கடைவீதி இப்போது பிறகு கட்டிய நீர்த்தேக்கத்துக்கு அடியில், நானாவும் இல்லை, அப்பாவும் இல்லை. மார்கழி லீவுக்கு என் பிள்ளைகளுக்கு வாசித்தேன், இப்போது பேரப்பிள்ளைகளுக்கு வாசிக்கிறேன். ஒவ்வொரு பக்கத்தையும் தொடங்கும் முன் தாள் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.