சொந்தக் கரும்பைத் தின்ற குற்றம்

நாலாவதும் பெண்ணாகப் போன சலிப்பில், 'வளர்த்துத் தொலைப்போம்' என்ற அர்த்தத்தில் அவளுக்குப் போங்சி என்று பெயர் வைத்தார்கள். அவள்தான் சியாயி சமவெளியில் ஒன்றரை ஏக்கரை வைத்துக்கொண்டு ஐந்து வயிறுகளை நிரப்பினாள். ஒரு போகம் நெல், ஒரு போகம் சர்க்கரைவள்ளி.

அந்தத் தீவை ஜப்பான்காரன் பிடித்து ஆண்டபோது சர்க்கரை ஆலை வந்தது. நெல் நாற்று வேர் பிடித்திருந்த சமயம், கோ என்ற ஆலை மேஸ்திரி ஒரு போலீஸ்காரனோடு வரப்பில் வந்து நின்றான். உள்ளூர்க்காரன்தான், ஆலைத் தொப்பி ஏறியதும் தலைகால் தெரியவில்லை.

"நாத்த அழிச்சிட்டுக் கரும்பு போடு. நல்லா காசு பாக்கலாம்."

"கரும்பு வெட்ட ஒன்றரை வருசம் ஆகும். அதுவரைக்கும் எம் பிள்ளைங்க உன் தொப்பியத் திங்கறதா?"

அவள் புருஷன் தியாம்தெங் போலீஸ்காரனின் பிரம்பைப் பார்த்தான். ஆலை நீட்டிய ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துவிட்டான்.

கரும்பு வரிசைகளுக்கு நடுவே மேட்டுப் பாரில் போங்சி வள்ளிக்கொடி ஊன்றினாள். கோ அத்தனையையும் பிடுங்கி எறிந்தான். "கரும்போட உரத்த இது தின்னுடும்!"

மறுவருஷம் வெயிலில் கரும்பின் காய்ந்த சோகையை உரித்தபோது நாக்கு வறண்டது. ஒரு கரும்பை ஒடித்துக் கடித்தாள். அவ்வளவுதான். கோ அவளை ஸ்டேஷனுக்கு இழுத்துப்போனான்.

"வயல் என்னுது, நட்டது நானு. இதுல திருட்டு எங்கய்யா வந்துச்சு?"

அதிகாரி ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னான். கோ அதை அவள் மொழியில் சொன்னான்: "வயல் உன்னுது. கரும்பு ஆலையோடது."

பத்து நாள் அடைத்து வைத்தார்கள். ஒரு கரும்புக்குப் பத்து நாள்!

வெட்டு முடிந்ததும் கட்டையிலிருந்து மறுதாம்பாக அடுத்த கரும்பு துளிர்க்கும் என்று ஆலை காத்திருந்தது. போங்சி மண்வெட்டியோடு இறங்கி, கட்டைகளை வேரோடு தோண்டத் தொடங்கினாள்.

"அடியே, மறுபடி உள்ள போடுவாங்க!" என்றான் தியாம்தெங், வரப்பில் நின்றபடி.

"போடட்டும். நீ சும்மா நிக்காம அந்தப் பக்கம் தோண்டு."

 அவன் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினான்.

இம்முறை உள்ளே போடவில்லை. அவள் வயலுக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் மடையை அடைத்துவிட்டார்கள். அதன்பின் அந்த வயலில் நெல் விளையவே இல்லை. மழைக்கு வந்த வள்ளிக்கிழங்குதான் மூன்று வேளையும். குடும்பம் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் சோற்றைக் கண்ணால் கண்டது பண்டிகைக்கு மட்டும்.

"தைரியசாலி நீ" என்று யாராவது சொன்னால் அவளுக்கு ஆத்திரம் பொங்கும். "தைரியமாவது மண்ணாவது! நெல்லு போட்டுக்கிட்டு இருந்தவள கெழங்கு திங்க வச்சுட்டானுங்க. அதக் கேளுங்க மொதல்ல!"