பென்சில் மரத்தடியில் நின்றவர்

மகளுக்குப் பென்சில் சீவிக்கொடுத்தபோது கரித்தூள் விரலில் அப்பியது. மூக்கருகே கொண்டுபோனேன். மரவாசனையோடு ரமணி அக்காவும் நினைவுக்கு வந்துவிட்டார்.

லண்டனில் எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான வேலை, ஓர் ஓவியக்கூடத்தின் பார்வை அறையில் பெட்டி தூக்குவது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர்கள் காடுமேடாக அலைந்து பென்சிலால் வரைந்த மலைகள், மரங்கள், இடிந்த தேவாலயங்கள். வெளிச்சம் பட்டால் தாள் பழுத்துவிடும் என்று பெட்டிக்குள்ளேயே வைத்திருப்பார்கள். கேட்பவர்களுக்கு எடுத்துக் காட்டுவோம், காசில்லை. கலை கிலோ என்ன விலை என்று கேட்கிற ஆள் நான். ஊருக்கு மட்டும் "மியூசியத்தில் ஆபீசர்" என்று அளந்துகொண்டிருந்தேன்.

ஈஸ்ட் ஹாமில் நான் இருந்த வீட்டின் மேலறையில் ரமணி அக்கா குடியிருந்தார். கொழும்பில் விசாரணைக்கென்று பிடித்துக்கொண்டு போன கணவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. "சும்மா அறைக்குள்ளை கிடந்து என்ன செய்யிறது?" என்று ஒருநாள் என் வேலையிடத்துக்கு வந்தார். நான் எடுத்து வைத்த படத்தில் ஓர் ஓக் மரம். மரத்தை இலை இலையாக வரைந்தவன், அதன் அடியில் நின்ற ஆளுக்கு மட்டும் கஞ்சத்தனமாக நாலு கோடு போட்டிருந்தான்.

அக்கா குனிந்தார். மேலதிகாரி பதறிப்போய் எனக்குக் கைகாட்டினார். அக்காவின் வகிட்டில் அப்பியிருந்த குங்குமம் தாளில் கொட்டினால் போகாது.

"அக்கா, அதைத் துடைச்சுப்போட்டுப் பாருங்கோ."

"உதை மட்டும் சொல்லாதையும், தம்பி."

"ஒட்டுப்பொட்டு வைக்கலாமே?"

"வகிட்டிலையோ?"

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றே பார்த்தார். "அந்த மனிசன் வாறாரோ, போறாரோ?" என்று கேட்டார். எனக்கும் பிடிபடவில்லை. லீவு கிடைத்த போதெல்லாம் வந்தார். அதே படம், அதே தூரம், அதே கேள்வி. வருடங்கள் போயின.

பிறகொரு நாள் வெறும் நெற்றியோடு வந்தார். தகவல் வந்ததா, அவராகவே முடிவெடுத்தாரா என்று நான் கேட்கவில்லை. படத்தை எடுத்து வைத்தேன். அக்கா கதிரையை இழுத்துப் போட்டு, மூக்கு தாளில் முட்டுமளவுக்குக் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"கிட்டப் பாத்தால் வெறும் கோடுதான், தம்பி."

அந்த அறை இப்போது இல்லை. படங்களெல்லாம் இணையத்துக்குப் போய்விட்டன. மகளின் ஐபேட்டில் அந்த ஓக் மரத்தைத் தேடி எடுத்தேன். இனிக் குங்குமத்தோடும் எவ்வளவு வேண்டுமானாலும் குனியலாம். கண்ணாடிதானே, கொட்டினால் துடைத்துவிடலாம். குனிய அக்காதான் இல்லை.