தும்பிக்கை போட்ட லை

திருநின்றவூரில் தேவராஜின் பிளெக்ஸ் கடையில் போர்டு வடிவமைப்பவள் நாகவல்லி. அவளுக்கு எழுத்து என்றால் ஆள் மாதிரி. தடித்த எழுத்தைப் பார்த்தால், "சத்தம் போடாதய்யா" என்று கம்ப்யூட்டரோடு சண்டைக்குப் போவாள். ஆனால் பழைய பாணி எழுத்து ஒன்று உண்டு, அதற்கு உயிரையே விடுவாள். கோடு ஓரிடத்தில் தடிக்கும், ஓரிடத்தில் மெலியும். முனைக்கு முனை குட்டிப் பாதம், அதிலிருந்து ஒரு கொடிச் சுருள். கல்யாணப் பத்திரிகை, காபித்தூள் பாக்கெட், அதிரச டப்பா எல்லாவற்றிலும் அதை உட்கார வைத்து அழகு பார்ப்பாள். போர்வெல் விளம்பரத்துக்கு மட்டும் கெஞ்சினாலும் தர மாட்டாள்.

அஞ்சலை காலமெல்லாம் அடுத்தவர் ஓட்டலில் கரண்டி பிடித்தவள். ஸ்டேஷன் பக்கம் சொந்தமாக மெஸ் போட்டபோது, போர்டில் பெயர் மட்டும் போதும் என்றாள். மெஸ் என்பதை வாசனை சொல்லிவிடுமாம். நாகவல்லிக்குக் குஷி தாங்கவில்லை. அவளுடைய அந்த எழுத்தில் 'லை' பழைய புத்தகங்களில் வருகிற மாதிரி இருக்கும்: முன்னால் கொம்பு கிடையாது, தலைமேல் தும்பிக்கையைச் சுருட்டித் தூக்கி நிற்கும்.

"யாருக்கும்மா புரியும்? குண்டு எழுத்துல போடு" என்று தேவராஜ் தலையில் அடித்துக்கொண்டார். அவள் கேட்கவில்லை. 'அஞ்சலை' என்று பெரிதாக, கீழே சாதாரண எழுத்தில் 'பார்சல் வசதி உண்டு'.

போர்டு ஏறியது, கூட்டம் வரவில்லை. ரயிலில் இறங்கியவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு நடையைக் கட்டினார்கள். நாகவல்லி தன்னையே கேட்டுக்கொண்டாள்: தன் ஆசைக்கு அஞ்சலையின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமோ? ஓர் ஆளாவது உட்கார்ந்திருக்கட்டும் என்று தினமும் மத்தியானம் அங்கேயே போய்ச் சாப்பிட்டாள்.

அப்படி ஒரு மத்தியானம், பக்கத்து அடுக்குமாடிக்குப் புதிதாகக் குடிவந்த கிஷோர் என்கிற ஐடி பையன் அட்டைப்பெட்டியோடு உள்ளே நுழைந்தான்.

"அக்கா, ஒரு பார்சல்."

"இன்னாபா வோணும்? சாம்பார் சோறா, தயிர் சோறா?" என்றாள் அஞ்சலை.

"இல்லக்கா, மதுரைக்கு."

"மதுர போறவரிக்கும் சாம்பார் தாங்காது நைனா. புளிசோறு கட்டித் தரேன்."

கிஷோர் திருதிருவென்று விழித்தான். "இது அஞ்சல் ஆபீஸ் இல்லையா?"

நாகவல்லிக்குப் புரையேறியது. தும்பிக்கையை அவன் புள்ளி என்று படித்திருக்கிறான்! 'அஞ்சல்'; அதன் கீழே 'பார்சல்' வேறு. அவளுக்கு மானமே போயிற்று. "அக்கா, நாளைக்கே அந்த லையை மாத்திடறேன்" என்றாள்.

"இன்னாத்துக்கு?" அஞ்சலை கிஷோர் முன் இலையைப் போட்டாள். "சரியா படிச்சவன்லாம் நேரா போய்கினே இருந்தான். தப்பா படிச்சவன்தான் உள்ள வந்து குந்திகினு கீறான்."

கிஷோர் இரண்டாம் முறை சோறு கேட்டான். மறுநாள் ஆபீஸ் நண்பர்களை இழுத்துவந்து 'மதுரை பார்சல்' கேட்டான். லை அப்படியே இருக்கிறது. கீழே, தேவராஜ் ஆசைப்பட்ட அதே குண்டு எழுத்தில், நாகவல்லி ஒரு வரி சேர்த்தாள்: 'இங்கு தபால் வாங்குவதில்லை. சாப்பிட்டுப் போகலாம்.'

படித்துச் சிரித்தவர்கள் உள்ளே வந்தார்கள். இப்போதெல்லாம் மத்தியானத்தில் நாகவல்லிக்கே இடம் கிடைப்பதில்லை.