அம்மா செத்துப்போகும் படம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, குமுளியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சியில் நடந்தது இது. அங்கே ஒரு கேரள அரசு அலுவலகத்தில் நான் எழுத்தராக இருக்கிறேன். சொந்த ஊர் சூரியநெல்லி. அந்த நாட்களில் ஊர்ப் பேரைச் சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வேன். நான் தேயிலை எஸ்டேட் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில் பிறந்தவள், அம்மா இன்றும் கொழுந்து எடுக்கிறாள் என்பதெல்லாம் அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. யாராவது கேட்டால், அம்மா வீட்டோடு இருக்கிறாள் என்று சொல்லிவிடுவேன். மலையாளம் அட்சரம் பிசகாமல் பேசுவேன். கேட்பவர்கள் என்னைத் தமிழ் வீட்டுப் பெண் என்றே நம்பமாட்டார்கள். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு! இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அதற்கு முந்தைய வருடம் எங்கள் எஸ்டேட் பக்கம் ஒரு சினிமாக் கூட்டம் வந்து இறங்கியிருந்தது. எல்லாம் இளவட்டங்கள். ஒரு காலத்தில் சல்லிக் காசில் எடுத்து, ரத்தமும் அலறலுமாக ஓட்டிய பேய்ப் படங்கள் இருந்தன அல்லவா? அந்தப் படங்களுக்கு மரியாதை செய்கிறோம் என்று, வேண்டுமென்றே அதே மட்டமான தினுசில் எடுத்தார்கள். ஒரே டிக்கெட்டில் இரண்டு படம். முதலாவது ஆஸ்பத்திரிப் பேய். இரண்டாவது எஸ்டேட் பங்களாப் பேய். இந்தப் பங்களாப் பேயிடம் மாட்டிக்கொள்வதற்காக லயத்திலிருந்து பன்னிரண்டு பெண்களைக் கூட்டிப்போனார்கள். அதில் அம்மாவும் ஒருத்தி.

படப்பிடிப்பு முடிந்த அன்று அம்மா எனக்குப் போன் செய்து அரை மணி நேரம் பேசினாள். தலையெல்லாம் சர்க்கரைப் பாகு கலந்த சிவப்புச் சாயம், எறும்பு மொய்க்கிறது என்று சிரித்தாள். "பேயைப் பாத்ததும் அலறிக்கிட்டு ஓடணுமாம்டி. மாட்டவே மாட்டேன்னுட்டேன். யானைக்கே நான் ஓடுனதில்ல, வெள்ளச் சேலை சுத்துன பயலுக்கா ஓடுவேன்?" என்றாள். எங்கள் பக்கம் யானை லயத்து வாசல்வரை வரும். வந்தால் அம்மா ஓடமாட்டாள். கதவருகே நின்று அதட்டுவாள், கொஞ்சுவாள், சாமி என்பாள். அதே மாதிரி பேயையும் அதட்டுவேன் என்று நின்றிருக்கிறாள். டைரக்டர் பையன் தலையைச் சொறிந்துவிட்டு, சரி, உங்கள் இஷ்டம் என்று எடுத்துக்கொண்டானாம்.

படம் வெளியாகிற வாரம், அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது ஒருத்தி செல்போனில் அதன் டிரெய்லரைக் காட்டினாள். ஒரே ஒரு நொடி அம்மா வந்தாள். முகம் முழுக்கச் சிவப்புச் சாயம், வாய் அகலத் திறந்து, கண்கள் பிதுங்கி. மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா முதல் பஸ்ஸைப் பிடித்து, பூப்பாறை வழியாகக் குலுங்கிக் குலுங்கிக் குமுளிக்கு வந்துவிட்டாள். பெட்டியில் இருந்த பச்சைச் சேலை, தலை நிறையக் கனகாம்பரம். லயம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். தன் முகத்தைப் பெரிய திரையில் ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

படம் தொடங்கியது. திரை முழுக்கக் கீறலும் புள்ளியும், நடுநடுவே படம் தாவியது. "புதுப் படம்னு சொன்ன, இப்படிக் கிழிஞ்சு கெடக்கு?" என்று அம்மா காதைக் கடித்தாள். பழசு மாதிரி தெரிவதற்காகச் செய்திருக்கிறார்கள் என்றேன். "புத்தி கெட்டவனுக" என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிப் பேய் நர்சைக் கடிக்கிற இடத்தில் கைதட்டினாள். முதல் படம் முடிந்து, திரையில் பெரிதாக 'முடிந்தது' என்று எழுத்து வந்து விளக்குப் போட்டார்கள். நான் சும்மா திரும்பிப் பார்த்தேன். இரண்டு வரிசை பின்னால் எங்கள் சூப்பிரண்டு சாரும் அவர் மனைவியும்!

சார் என்னைப் பார்த்துக் கை தூக்கினார். அவர் பார்வை என் பக்கத்தில் இருந்த அம்மாவின் கனகாம்பரத்துக்கும், கொழுந்துக் கறை ஏறிக் கறுத்துப்போன அவள் விரல்களுக்கும் போனது. இது யார் என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார். நான் பார்க்காதவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அடுத்த படத்தில் அம்மா வரப்போகிறாள், இவர் சிரிக்கப்போகிறார், நாளை அலுவலகமே பேசும்.

"அம்மா, படம் முடிஞ்சிருச்சு. வா, போகலாம்" என்றேன்.

படித்த மகள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் எழுந்து வந்துவிட்டாள். கதவைத் தாண்டியதும் நின்றாள்.

"ஏட்டி, நான் இன்னும் சாகவே இல்லையே! அதுக்குள்ள எப்படிடி படம் முடியும்?"

இந்த இடத்திலாவது நான் திருந்தியிருக்கலாம். திருந்தவில்லை. "நீ வர்ற இடத்தை வெட்டிட்டாங்க போல" என்றேன்.

அம்மாவின் முகம் வாடிப்போனது. அந்த முகத்தை எழுதும்போதுகூட என் கை கூசுகிறது. அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். அப்போது டிக்கெட் கிழிக்கிறவர் எங்களைப் பார்த்து, "சேச்சி, போகல்லே. ஒரு படம் கூடி உண்டு" என்று கூப்பிட்டுச் சொன்னார். போகாதீர்கள், இன்னும் ஒரு படம் இருக்கிறது என்கிறார். இத்தனை வருடம் மலையாளத்து மேஸ்திரிகளிடம் வேலை பார்த்தவளுக்கு அது புரியாதா? உள்ளே இருந்து அடுத்த படத்தின் சத்தமும் கேட்கத் தொடங்கியது.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"ஒனக்குக் கூச்சமா இருந்தா இங்கனயே நில்லு. நான் உள்ள போயி செத்துட்டு வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

நான் நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், இருபது நிமிடம் அங்கேயே நின்றேன். வெளியே கம்பம் போகிற ஜீப்காரர் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆள் யாரும் சிக்காதவர் என்னையும் பார்த்துக் கூப்பிட்டார். ஏறிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. கதவு, சுவர் எல்லாவற்றையும் தாண்டி, ஸ்பீக்கரில் நூறு மடங்காகி வந்தது.

"ஏய்! எங்க வார? போ அங்கிட்டு! புள்ளைக தூங்குற எடம்டா இது! போ சாமி, போ!"

அந்தக் குரலை எனக்குத் தெரியும். சின்ன வயதில் லயத்துக்குப் பின்னால் வாழை முறிகிற சத்தம் கேட்கும்போதெல்லாம், கதவருகில் தகர டின்னைத் தட்டிக்கொண்டு அம்மா இதே வார்த்தைகளைச் சொல்வாள். தூங்குகிற பிள்ளை என்றது என்னைத்தான். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

திரை முழுக்க அம்மா. மற்ற பெண்கள் எல்லாம் கூடையைப் போட்டுவிட்டு ஓட, அவள் மட்டும் இடுப்பில் கைவைத்து நின்று பேயைத் திட்டிக்கொண்டிருந்தாள். பேய் வேஷக்காரன் நிஜமாகவே ஒரு கணம் தயங்கி, ஓர் அடி பின்னால் வைத்தான். அதை அப்படியே விட்டிருந்தார்கள். அப்புறம் அவன் சுதாரித்துப் பாய, சிவப்புச் சாயம் பீய்ச்சியடிக்க, அம்மா தேயிலைச் செடிமேல் சாய்ந்தாள். தியேட்டரே வெடித்துச் சிரித்தது. சூப்பிரண்டு சார் தொடையைத் தட்டி, "ஈ தமிழத்தி கொள்ளாமல்லோ!" என்றார். தமிழ்க்காரி பரவாயில்லையே என்று அர்த்தம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தைக்குள் எத்தனை இளக்காரம் இருக்கிறது என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

அம்மா திரும்பினாள். "அது ஞானா சாரே" என்றாள், அது நான்தான் என்று தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டி.

சார் அம்மாவைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பிறகு நடைபாதையில் நின்ற என்னைப் பார்த்தார். எனக்கு மலையாளம் வாயில் வரவில்லை. வரவும் வேண்டாம் என்றே இருந்தது.

"எங்க அம்மா சார். எஸ்டேட்ல கொழுந்து எடுக்குறாங்க. நாங்க லயத்து ஆளுக" என்றேன். நாலு வரிசைக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

சார் சீட்டில் நெளிந்தார். அவர் மனைவிதான் முன்னால் குனிந்து, பேயைப் பார்த்துப் பயமாக இல்லையா என்று அம்மாவிடம் கேட்டார். "பேயா? அந்தத் தம்பி மத்தியானம் எங்ககூட உக்காந்து கப்பக்கிழங்கு தின்னுச்சு" என்றாள் அம்மா. அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். நான் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். திரையில் அவள் பிணமாகக் கிடந்தாள். "மூச்சு விடுறது தெரியுதா பாரு" என்று என் முழங்கையை இடித்தாள். தெரிந்தது. தெரியவில்லை என்றேன்.

படம் முடிந்து என் அறைக்கு நடந்தோம். மன்னிச்சுக்கோம்மா என்றேன். "கூச்சப்பட்டதுகூடப் பெருசில்லடி. வெட்டிட்டாங்கன்னு சொன்ன பாரு, அதுதான் வலிச்சுது" என்றாள்.

மறுநாள் அலுவலகத்தில் சேதி பரவியிருந்தது. சாப்பாட்டு மேசையில் ஒருத்தி, நிஜமாகவே உன் அம்மாவா என்று உதட்டை ஒரு மாதிரி பிதுக்கிக் கேட்டாள். ஆமாம் என்றேன், டிரெய்லரை இன்னொரு தடவை போடச் சொன்னேன். படத்தைப் பற்றிப் பத்திரிகையில் யாரோ மட்டம் என்று எழுதியதாகச் சொன்னார்கள். மட்டமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். இன்று யார் கேட்டாலும் ஊர்ப் பேரோடு லயத்தையும் சேர்த்தே சொல்கிறேன். முகம் சுளிப்பவர்கள் தாராளமாகச் சுளித்துக்கொள்ளட்டும், பேயையே அதட்டியவளின் வயிற்றில் பிறந்தவள் நான்.