முதுகில் விழுந்த அடி

சின்னம்மாவின் உள்ளங்கை சித்தப்பாவின் முதுகில் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஜவ்வாது மலையில் அவருடைய அண்ணன் வீட்டுக் காதுகுத்து. அம்மாவோடு நானும் கீழேயிருந்து போயிருந்தேன். சாமைச் சோறும் ஆட்டுக்கறியும். ஆம்பளைகள் வரிசையாக உட்கார்ந்து தின்ன, சின்னம்மா கறிச்சட்டியோடு பரிமாறிக்கொண்டு வந்தாள். முந்தின நாள் சித்தப்பா அடித்ததில் அவள் கன்னம் வீங்கியிருந்தது. அதை யாரும் என்னவென்று கேட்கவில்லை.

சித்தப்பாவின் தொண்டையில் கறித்துண்டு அடைத்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்பார்கள். உச்சந்தலையில் தட்டி, ஆளின் பேரைச் சொல்லிக் கேலி செய்வார்கள். அன்றும் அதைத்தான் செய்தார்கள். புரையேறினவன் இருமுவான், இவரிடம் இருமலே இல்லை என்பது ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. சித்தப்பாவுக்குப் படவேட்டில் ஒருத்தி இருந்தது ஊருக்கே தெரியும். "இன்னாடா, படவேட்டுக்காரி நெனைக்கிறாளா?" என்று அண்ணன்காரன் அவர் தலையில் தட்டினான். பந்தியே சிரித்தது. சின்னம்மாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். மனுஷன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கண் பிதுங்கித் தவிக்க, இவர்களுக்குச் சிரிப்பு.

சின்னம்மா சட்டியைக் கீழே வைத்தாள். குனிந்திருந்தவரின் நடுமுதுகில் ஓங்கி ஒரு அறை, பின்னாலேயே இன்னொன்று. அவர் தொண்டைக்குள் என்னவோ அசைந்த சத்தம் கேட்டது. மறுபடி கை ஓங்கியபோது அண்ணன்காரன் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளினான். "புருஷன் மேலயே கை வைக்கிறியாடி?" அவளை மிதித்து முடித்துத் திரும்பிப் பார்த்தபோது சித்தப்பா நீலம்பாரித்து இலைமேல் சாய்ந்திருந்தார். வாயில் தண்ணீர் ஊற்றினார்கள், கறி இறங்கட்டும் என்று சோற்றுருண்டையைத் திணித்தார்கள். கொஞ்சநஞ்சம் இருந்த மூச்சும் அடங்கிவிட்டது.

ஊர் கூடிப் பேசியது. பெண்டாட்டி அடித்ததால்தான் செத்தான் என்று முடிவு கட்டினார்கள். பிணத்தைத் தொடவிடவில்லை, அழவும் விடவில்லை. தாலியை அறுத்து, கட்டிய சேலையோடு மலையை விட்டு இறக்கினார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு முன்னாலேயே கதை வந்து சேர்ந்திருந்தது. நடவுக்குக் கூப்பிடுகிறவர்கள்கூட 'புருஷனை அடிச்சே கொன்னவ' என்றுதான் அடையாளம் சொன்னார்கள். அவள் ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை.

நான் ஆசிரியையான பிறகு கலசப்பாக்கத்தில் முதலுதவிப் பயிற்சிக்குப் போனேன். தொண்டை அடைத்தவரை முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் பலமாகத் தட்ட வேண்டும், தண்ணீர் கொடுக்கவே கூடாது என்று நர்சம்மா செய்து காட்டினார். பஸ் பிடித்து நேரே வீட்டுக்கு ஓடினேன்.

"சின்னம்மா, நீ பண்ணதுதான் சரியாம். உன்ன உட்டிருந்தா அவரு பொழச்சிருப்பாரு" என்று அழுதேன். அவளும் அழுவாள் என்று நினைத்தேன். புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"காப்பாத்தவா அடிச்சேன்? அத்தினி பேரும் என்ன பாத்து சிரிச்சாங்களே, அந்த ஆத்திரத்துல அடிச்சேன்." கையிலிருந்த கொட்டையைக் கீழே போட்டாள். "இன்னும் ரெண்டு வெச்சிருந்தா பொழச்சிருப்பானா?"

"பொழச்சிருப்பாரு."

"நல்ல வேள, புடிச்சி இழுத்தானுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த புளியை எடுத்தாள்.